பூ வழியும் போத்து வழியும்

பூவின் பாகங்களைக் கற்பிக்கப் பள்ளிக்கூடங்களில் எடுத்துக்கொள்ளும் பூ பெரும்பாலும் செம்பருத்திதான். பெரிய பூ, வேலியோரம் எளிதில் கிடைக்கும், உறுப்புகள் தெளிவாகத் தெரியும். வெளியே பச்சைப் புல்லிவட்டம், உள்ளே ஐந்து சிவப்பு இதழ்கள், நடுவே நீண்டு நிற்கும் ஒரு குழல். குழலைச் சுற்றி ஒட்டியிருக்கும் மஞ்சள் பொட்டுகள் மகரந்தப்பைகள். பூவின் ஆண் பகுதி அவை. குழலுக்குள் புகுந்து நுனியில் ஐந்தாகப் பிரிந்து தலைகாட்டுவது சூல்தண்டு. அந்த ஐந்து நுனிகளும் சூல்முடிகள். அடியில் இதழ்களுக்குள் மறைந்திருக்கும் சூற்பையில் சூல்கள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், விதை உண்டாகும் விதத்தை விளக்க உதவும் தோட்டச் செம்பருத்தி விதை வைப்பது அபூர்வம். கிளையை ஒடித்து நட்டுத்தான் அதை வளர்க்கிறார்கள்.

மகரந்தத்தூள் சூல்முடியை அடைவதே மகரந்தச் சேர்க்கை. பூவின் தூள் அதே பூவிலோ அதே செடியின் வேறொரு பூவிலோ விழுந்தால் தன்மகரந்தச் சேர்க்கை. வேறு செடியிலிருந்து வந்தால் அயல்மகரந்தச் சேர்க்கை. நெல் முதல் வகை. கதிரிலுள்ள ஒவ்வொரு பூவும் முற்பகலில் கொஞ்ச நேரம் மட்டும் உமி விரித்துத் திறக்கும். அதற்குள் தன் தூள் தன்மேலேயே உதிர்ந்து காரியம் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் கதிரில் பதர் மிகும். பூக்கும் பருவத்து மழையை உழவர்கள் அஞ்சுவதன் காரணம் இதுதான்.

பனையிலும் பல பப்பாளி ரகங்களிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நட்ட பனை ஆணா பெண்ணா என்பது பாளை விடும்வரை தெரியாது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பூசணி, சுரை, புடலை, பாகல் ஆகியவற்றில் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். பெண் பூவின் அடியில் பூ விரியும் முன்பே குட்டிப் பிஞ்சு தெரியும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். கொடி முதலில் ஆண் பூக்களையே நிறையப் பூக்கும். அவை உதிர்வதைப் பார்த்து, பிஞ்சு நிற்கவில்லையே என்று கவலைப்படுவது வீட்டுத் தோட்டக்காரர்களின் வழக்கம். அந்தக் கவலை தேவையற்றது.

தூளைச் சுமந்து செல்வது யார் என்பது பூவின் தோற்றத்திலேயே எழுதியிருக்கும். காற்றை நம்பும் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் நிறமும் இல்லை, மணமும் இல்லை, தேனும் இல்லை. தூள் மட்டும் ஏராளம். பெருமளவு வீணாகும் என்பதால் அத்தனை தேவைப்படுகிறது. மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் பட்டுநூல் ஒவ்வொன்றும் ஒரு சூல்தண்டு. எந்த நூலுக்குத் தூள் கிட்டவில்லையோ அந்த இடத்தில் மணி பிடிக்காது. பூச்சியை நம்பும் பூக்களுக்கு நிறமும் மணமும் தேனும் உண்டு. புடலைப் பூ வெள்ளையாக, நூல் நூலாக விரிந்து இரவில் பூப்பது அந்துப்பூச்சிக்காக. இலவம்பஞ்சு மரத்தின் பூவும் இரவில்தான் விரியும். தேன் குடிக்க வரும் வௌவால் தன் உடம்பில் தூளை அப்பிக்கொண்டு போகும். தேனீ குறைந்த சூரியகாந்தி வயல்களில் மனிதனே தேனீ வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பூத்தட்டுகளை முகத்தோடு முகம் வைத்து மெல்லத் தேய்த்துவிடுவார்கள். செய்யாவிட்டால் தட்டின் நடுவில் சப்பை விதைதான் கிடைக்கும்.

அத்தியின் கதை தனி. 'அத்தி பூத்தாற்போல' என்று அபூர்வத்துக்கு உவமை சொல்கிறோம். உண்மையில் அத்தி அடிக்கடி பூக்கும் மரம். நாம் அத்திக்காய் என்று நினைப்பது உள்பக்கமாகப் பூக்களைப் பொதிந்து வைத்த ஒரு பை. அதன் முனையிலுள்ள சிறு துளை வழியே நுணுக்கமான பெண் குளவி உள்ளே நுழைந்து, சில பூக்களில் முட்டையிட்டு, கொண்டுவந்த தூளை மற்றப் பூக்களில் சேர்க்கிறது. குளவி இல்லாமல் அத்திக்கு விதை இல்லை, அத்தி இல்லாமல் அந்தக் குளவிக்குக் குஞ்சும் இல்லை.

தூள் சூல்முடியில் ஒட்டியதும் முளைவிடுகிறது. அதிலிருந்து ஒரு நுண்குழல் கிளம்பி, சூல்தண்டைத் துளைத்துக்கொண்டு சூலை அடைகிறது. அதனுள் இரண்டு ஆண் அணுக்கள். ஒன்று சூலிலுள்ள முட்டையோடு கலந்து கருவாகிறது. மற்றது சூலின் நடுவிலுள்ள உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் முளைசூழ்சதையை உண்டாக்குகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் கண்டறிந்தவர் ருஷ்யத் தாவரவியலாளர் நவாஷின். பூக்கும் தாவரங்களின் தனி அடையாளம் இது. மனிதன் சாப்பிடுவதில் பெரும்பங்கும் முளைசூழ்சதையே. அரிசியின் வெண்மை முளைசூழ்சதை. இளநீரும் வழுக்கையும் தேங்காய்ப் பருப்பும் அதுதான். தென்னையின் கரு, கண்ணுக்கு அடியில் பருப்பில் புதைந்திருக்கும் சிறு முளை மட்டும். முளைத்த தேங்காயை உடைத்தால் கிடைக்கும் 'தேங்காய்ப்பூ' அந்தக் கருவின் விதையிலை. உணவை உறிஞ்ச உள்ளே ஊதிப் பெருத்தது. பெயரில்தான் பூ.

கருவுற்ற பின் இதழ்கள் உதிரும், சூல் விதையாகும், சூற்பை கனியாகும். முந்திரி இந்த வாய்பாட்டைக் கொஞ்சம் குழப்புகிறது: கொட்டைதான் அதன் கனி, 'பழம்' என்பது பருத்த காம்பு.

விதை வழியில் பிறக்கும் செடி பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து கொஞ்சமாவது மாறுபடும். நல்ல மாம்பழத்தின் கொட்டையை ஊன்றி வளர்த்தவர்கள், பழம் வேறு ருசியில் வந்து ஏமாந்திருப்பார்கள். ருசி மாறாமல் வேண்டுமென்றால் பூவைத் தாண்டி, செடியின் உடம்பையே துண்டாக்கி நட வேண்டும். இந்த உடல்வழிப் பெருக்கம் மனிதன் கண்டுபிடித்ததல்ல. இஞ்சியும் மஞ்சளும் மண்ணுக்குள் கிளை விடுகின்றன. உருளைக்கிழங்கின் 'கண்' ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. குளங்களை மூடும் வெங்காயத்தாமரை ஓடுதண்டு விட்டே ஊரைப் பிடிக்கிறது. ரணகள்ளியின் இலையைக் கிள்ளிப் போட்டால் விளிம்பில் வரிசையாகக் கன்று முளைக்கும். 'கட்டிப்போட்டால் குட்டிப்போடும்' என்று அதற்குப் பேரே உண்டு.

மனிதன் சேர்த்தது கைப்பழக்கம். முருங்கைக்குப் போத்து என்னும் கிளைத்துண்டு, மரவள்ளிக்குக் குச்சி, மல்லிகைக்குப் பதியன், மாவுக்கு ஒட்டு. ஒட்டுக் கட்டுவதில் வேர்ச்செடியின் பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசுவும் ஒட்டுக்குச்சியின் வளர்திசுவும் ஒன்றையொன்று தொட வேண்டும், அதுதான் சூட்சுமம். தென்னைக்கும் பனைக்கும் அப்படியொரு வளர்திசு வளையம் கிடையாது என்பதால் ஒட்டுக் கட்ட முடியாது. வழக்கம் மாறியதும் உண்டு: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம்.1 செடிமுருங்கையை வெளியிட்டபின், போத்து நட்டு வந்த முருங்கை விதைப் பயிராகவும் ஆனது.

உடல்வழிப் பெருக்கத்தின் ஆதாயமும் ஆபத்தும் சேர்ந்து தெரிவது வாழையில். காட்டு வாழைப்பழம் முழுக்கக் கறுத்த கடின விதைகள். உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம்கள்; கருவுறாமலே காய் பருக்கும், விதை இராது. ஆகவே கன்று பிரித்து நடுவதுதான் வழி. கன்றுக்கும் தாய்க்கும் வித்தியாசமில்லை, தாயைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழை, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பனாமா வாடல் நோயால் வணிகத் தோட்டங்களிலிருந்து மறைந்தது இப்படித்தான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழையை முடிக்கொத்து நோய் வாட்டியதிலும் கன்றுக்குப் பங்குண்டு: அசுவினி பரப்பும் வைரஸ் கன்றோடு சேர்ந்தே அடுத்த தோட்டத்துக்குப் பயணம் செய்யும்.

கரும்பில் இரண்டு வழியும் கைகோத்தன. தண்டுத்துண்டான கரணையை நட்டே பயிரானதால் கரும்புக்கு முளைக்கும் விதை உண்டென்பதையே பலர் நம்பவில்லை. 1880களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோசிலும் அது உறுதியானது. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆய்வாளர்கள் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும், வெள்ளை என்ற உயர்ந்த கரும்பின் பூவில் காட்டு நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். இனிப்பு ஒன்றிலிருந்து, வறட்சியும் குளிரும் தாங்கும் முரட்டுத்தனம் மற்றதிலிருந்து. ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாக வந்தது. அவற்றில் தேர்ந்தெடுத்தது கோ 205 என்ற பெயரில் 1918இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. அதன்பின் பூவுக்கு வேலையில்லை, கரணைதான். ஆனால் கரணை வழியே செவ்வழுகல் நோயும் பரவும்; ஒரு ரகம் நோய்க்கு இடம்கொடுக்கத் தொடங்கினால் புது ரகம் வேண்டும். அதற்காகக் கோயம்புத்தூரில் இன்றும் ஐப்பசி, கார்த்திகையில் கரும்பு பூக்கும்போது கலப்பு வேலை மறுபடி தொடங்குகிறது.