நகரத்தார் வட்டித்தொழிலில் நிர்வாகமும் வியூகத் தலைமையும்: பர்மா அனுபவம் உணர்த்துவது

முன்னுரை

வணிக நிறுவனங்களைப் பற்றிய ஆய்வில் நிர்வாகமும் வியூகமும் வெவ்வேறானவை என்பது அடிப்படைக் கருத்தாகும். நெடுங்கால இலக்குகளை வகுத்து, அவற்றை அடைவதற்கேற்ப வளங்களை ஒதுக்குவதே வியூகம் என ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1962-இல் விளக்கினார். நிர்வாகம் சிக்கலைச் சமாளிப்பது, தலைமைத்துவம் மாற்றத்தை எதிர்கொள்வது என்று ஜான் காட்டர் 1990-இல் வேறுபடுத்திக் காட்டினார். இக்கருத்துகள் பெரும்பாலும் அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்களைச் சான்றாகக் கொண்டே கற்பிக்கப்படுகின்றன. தமிழர் வணிக வரலாற்றிலும் இவற்றுக்குத் தக்க சான்று உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டித்தொழில் நிறுவனங்களை முன்வைத்து இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலாள் முறை

செட்டிநாட்டில் இருக்கும் முதலாளி, கடல் கடந்த ஊரில் உள்ள தம் பணத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்து நிம்மதியாக இருப்பது எவ்வாறு? உரிமையாளருக்கும் முகவருக்கும் இடையிலான இச்சிக்கலை ஜென்சன், மெக்லிங் ஆகியோர் 1976-இல் கோட்பாடாக வகுத்தனர். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே நகரத்தார் இதற்கு நடைமுறைத் தீர்வு கண்டிருந்தனர்.

கடையின் பொறுப்பாளர் மேலாள். அவருக்குத் துணையாக அடுத்தாள். இவர்களிடம் தொழில் பழகுபவன் பெட்டியடிப் பையன். மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. அக்காலத்திற்குரிய சம்பளம் முன்கூட்டியே பேசப்பட்டு, ஒரு பகுதி முன்பணமாக வழங்கப்பட்டது. மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே தங்கினர். தவணை முடிந்ததும் கணக்கை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு மேலாள் ஊர் திரும்புவார். ஆகவே, அவருடைய நாணயத்திற்குப் பிணையாக நின்றது வெறும் எழுத்துப் பத்திரம் மட்டுமன்று. ஊரிலிருந்த குடும்பத்தின் மானமும் மறுமுறை வேலை கிடைக்கும் வாய்ப்பும் அப்பிணையில் அடங்கியிருந்தன.

பினாங்குத் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளில் பல விலாசங்களைச் சேர்ந்தவர்கள் ஒரே கூரையின்கீழ்ப் பெட்டி வைத்துத் தொழில் நடத்தினர். கடனாளி ஒருவரின் நம்பகத்தன்மை பற்றிய செய்தி அங்கு விரைவில் பரவியது. ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டி விகிதத்தை முடிவு செய்தனர். நிர்வாகம் என்ற அளவில் இது குறைகாண்பதற்கு அரிய அமைப்பாகும்.

பர்மாவில் நேர்ந்தது

கீழ்ப் பர்மா 1852-இல் பிரிட்டிஷார் வசமானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதன் பின் அரிசி ஏற்றுமதி பெருகியது. ஐராவதிப் படுகைக் காடுகள் கழனிகளாகின. அதற்குத் தேவைப்பட்ட கடனுதவியில் பெரும்பங்கை நகரத்தார் வழங்கினர். 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1,650 அளவில் நகரத்தார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. அவர்கள் வழங்கிய கடன் சுமார் 75 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வேளாண்மை சார்ந்தது.

உலகப் பொருளாதார மந்தத்தால் 1930-இன் இறுதியில் நெல் விலை சரிந்தது. உழவர்களால் வட்டியைக்கூடச் செலுத்த இயலவில்லை. ஈடாக வைக்கப்பட்ட நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1937-இல் 25 விழுக்காடாயிற்று. இது வளர்ச்சி அன்று. அவர்கள் வேண்டியது ரொக்கம். கிடைத்ததோ விற்க இயலாத வயல். நிலத்தை இழந்த பர்மியரின் கசப்பும் அதனுடன் சேர்ந்தது. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பு நிகழ்ந்தது. 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. பல தலைமுறைகளின் உழைப்பு இவ்வாறு கரைந்தது.

குறை எங்கிருந்தது?

இக்கேள்விக்குப் பேராசை என்றோ ஊழ் என்றோ விடை கூறுவது எளிது. நிறுவன அமைப்பை நோக்கினால் வேறு விளக்கம் கிடைக்கிறது. மேலாளின் பார்வை மூன்றாண்டு எல்லைக்கு உட்பட்டது. தம் தவணைக்குள் இலாபம் காட்டுவதே அவர் கடமை. முதலாளியின் பார்வை ஐந்தொகையில் நிலைத்தது. ஒவ்வொரு கடனும் முறையாக உள்ளதா என்பதை ஐந்தொகை காட்டும். எல்லாக் கடன்களும் ஒரே பயிரின் விலையை நம்பியிருப்பதை அது காட்டாது. கடனாளிகள் பல்லாயிரவர், ஆயினும் ஆபத்து ஒன்றே. கோயிற்கூட்டம் வட்டி விகிதத்தை முடிவு செய்தது. மொத்த மூலதனம் ஒரே நாட்டில் குவிவதைத் தடுப்பது அதன் பொறுப்பாக இல்லை. நிர்வாகக் கேள்விகள் அனைத்திற்கும் விடை கூற ஒருவர் இருந்தார். முதலீடு எத்திசையில் செல்ல வேண்டும் என்ற வியூகக் கேள்வியோ எவருக்கும் உரிய கடமையாக அமையவில்லை.

மலாயா நிலைமை ஒப்புநோக்கத் தக்கது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1933-ஆம் ஆண்டுச் சட்டம், மலாய் ஒதுக்கீட்டு நிலங்களை மலாய்க்காரர் அல்லாதாரிடம் ஈடு வைப்பதைத் தடுத்தது. தாமாக வகுத்துக்கொள்ளாத வரம்பை இங்குச் சட்டமே வகுத்தது எனலாம்.

பின்னாளில் நோக்குவோருக்கு மட்டுமே தெளிவாகும் உண்மை இது என்று சிலர் மறுக்கலாம். ஆயின், மாற்றுச் சான்றும் உண்டு. 1900-இல் மௌல்மீனில் வட்டித்தொழிலாகத் தொடங்கிய முருகப்பா குடும்ப நிறுவனம், ஜப்பானியர் வருகைக்கு முன்பே 1930-களில் தன் சொத்துகளை இந்தியாவிற்கு மாற்றியது. பின்னர்த் தொழிற்துறையில் இறங்கி, 1949-இல் மிதிவண்டி உற்பத்தியைத் தொடங்கியது. அதே மரபு, அதே தொழில், அதே ஊர். வேறுபட்டது திசை பற்றிய முடிவு மட்டுமே. தொகையாகக் கைக்கு வரும் வருமானத்தை விட்டுப் பழகாத துறைக்குள் நுழையும் துணிவே வியூகத் தலைமை.

முடிவுரை

சிறந்த நிர்வாகம் சில வேளைகளில் வியூகக் குறையை மறைத்துவிடும் என்பதே பர்மா அனுபவம் உணர்த்தும் உண்மையாகும். கணக்கு சரியாக இருக்கும்வரை திசையைப் பற்றி எவரும் வினவுவதில்லை. நம் நாட்டின் குடும்ப நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆண்டறிக்கையின் இலாபத்தோடு, அவ்விலாபம் எந்த ஒன்றை நம்பி நிற்கிறது என்பதையும் கேட்கும் பொறுப்பை ஒருவரிடமேனும் ஒப்படைத்தல் வேண்டும். மேலாண்மையைத் தமிழில் கற்பிக்க விழைவோர்க்கு மேலாள், ஐந்தொகை, நடப்பு வட்டி போன்ற சொற்களும் அவற்றின் பின்னுள்ள வரலாறும் ஆயத்தமாக இருக்கின்றன. வெற்றியைப் போலவே தோல்வியும் அவ்வரலாற்றின் பாடமாக வகுப்பறைக்குள் வருதல் நலம் பயக்கும்.