குடிக்கிறீர்களா என்று கேட்டால் மட்டும் போதுமா?

கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாலே தூக்கிவாரிப்போடும். நள்ளிரவில் அலறி எழுவார்கள். கூட்டம் என்றால் ஒதுங்கிவிடுவார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலரின் நிலை இது. ஆனால், வீட்டார் கண்ணில் முதலில் பட்டது பாட்டில்தான். 'போருக்குப் போய்க் குடிகாரனாகிவிட்டான்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த அலறலுக்கு மருத்துவம் முறையாக ஒரு பெயர் வைத்தது 1980-ல்தான். பி.டி.எஸ்.டி. அதாவது, உயிரை உலுக்கும் சம்பவத்துக்குப் பிறகு மனதைவிட்டு அகலாத பாதிப்பு. 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு, வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் 100-க்குச் சுமார் 30 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் இதற்கு ஆளானதாகச் சொன்னது. ராணுவ ஆவணங்களோடு ஒப்பிட்டு 2006-ல் மறுகணக்கு போட்டபோது அது சுமார் 19 ஆகக் குறைந்தது. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், ஐந்தில் ஒருவர்!

குடிநோயைக் கண்டுபிடிக்கும் கேள்வித்தாள்கள் ஏற்கெனவே இருந்தன. ஜான் யூவிங் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய 'கேஜ்' நான்கே கேள்விகள் கொண்டது. குடியைக் குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா? யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்வு வந்ததுண்டா? காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நிதானத்துக்கு வர முடிகிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றாலே டாக்டர் நிமிர்ந்து உட்கார வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கிய 'ஆடிட்' தேர்வில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். எட்டைத் தொட்டால் எச்சரிக்கை. குறைவாக மார்க் வாங்கினால் சந்தோஷப்பட வேண்டிய ஒரே பரீட்சை!

இரண்டாவது தாள்

இந்தக் கேள்விகள் எவ்வளவு குடிக்கிறார், அதனால் என்ன ஆகிறது என்பதைச் சொல்லும். ஏன் குடிக்கிறார் என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் இன்னொரு சின்னத் தாள். 2003-ல் நான்கு கேள்விகளோடு வெளியாகி, பிறகு ஐந்தானது. கெட்ட கனவு வருகிறதா, நடந்ததை நினைக்காமலிருக்கப் போராடுகிறீர்களா, எப்போதும் உஷாராகவே இருக்கிறீர்களா, மனம் மரத்துப்போனதுபோல் இருக்கிறதா, நடந்ததற்கு உங்களையோ மற்றவர்களையோ குற்றம் சொல்கிறீர்களா? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இப்போது குடி, அதிர்ச்சி இரண்டையும் பற்றிக் கேட்கிறார்கள்.

காரணம், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். படுத்தால் கனவு வரும் என்ற பயத்தில் ஒருவர் குடிக்கிறார். தூக்கம் சீக்கிரம் வருகிறது. முதல் பாதி இரவில் கனவும் அடங்குகிறது. போதை இறங்க இறங்க, அடக்கிவைத்த கனவுகள் பின்னிரவில் பெருக்கெடுக்கின்றன. மறுநாள் இன்னும் ஒரு கிளாஸ் கூடுகிறது.

'முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள், அப்புறம் மனதைப் பார்ப்போம்' என்பதுதான் பல காலம் எழுதப்படாத விதி. பழைய காயத்தைக் கிளறினால் குடி அதிகமாகிவிடும் என்ற பயம். ஆஸ்திரேலியாவில் குடி, போதைப் பழக்கத்தோடு பி.டி.எஸ்.டி-யும் இருந்த 103 பேரிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அதிர்ச்சியின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. பயந்ததுபோல போதைப் பழக்கம் மோசமாகவில்லை.

பி.டி.எஸ்.டி. ராணுவத்தினருக்கு மட்டுமான நோயல்ல. சாலை விபத்து, பாலியல் வன்முறை, வெள்ளம், சுனாமி என எதற்குப் பிறகும் வரலாம். வீட்டில் குடிப்பவர் இருந்தால், 'ஏன்யா குடிக்கிற?' என்பதோடு, 'ராத்திரி தூக்கம் வருதா, கனவு ஏதாவது வருதா?' என்றும் கேட்டுப் பார்க்கலாம். கேள்வித்தாள் ஓர் அறிகுறியைத்தான் காட்டும். நோய் இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம். நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் பூட்டிவைத்து நிறுத்த முயலாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-க்கு எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.