தாடை ஏற்றுக்கொள்ளும் உலோகம்

சிலாபத்திலிருந்து கற்பிட்டியைத் தாண்டிக் குதிரைமலை முனை வரை நீளும் புத்தளக் கரைக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் கிடக்கின்றன. முத்துக் குளித்த காலத்தில் முத்தை எடுத்துக்கொண்டு சிப்பி ஓட்டை வீசிவிடுவார்கள். அப்படி வீசிய ஓட்டின் உட்புறத்தில் பளபளக்கும் அடுக்கை மனித எலும்பு அந்நியப் பொருளென்று ஒதுக்குவதில்லை. சிப்பியின் இந்த அடுக்கு எலும்பு உருவாவதைத் தூண்டுகிறது என்று பிரான்ஸில் எவ்லின் லோபேசின் குழு 1992இல் ஆய்வுகூடத்தில் காட்டியது.

மத்திய அமெரிக்காவின் மாயர்கள் அதை நெடுங்காலத்துக்கு முன்பே கையால் செய்து பார்த்திருந்தார்கள். 1931இல் ஹொண்டுராஸில் ஒரு கீழ்த்தாடைத் துண்டு கிடைத்தது. கி.பி. 600 அளவைச் சேர்ந்தது. முன்பற்கள் இருக்கவேண்டிய மூன்று குழிகளில், பல் வடிவில் செதுக்கிய சிப்பித் துண்டுகள் செருகியிருந்தன. பிணத்துக்குச் செய்த அலங்காரம் என்றே முதலில் எண்ணினார்கள். 1970இல் பிரேசில் நாட்டுப் பல் மருத்துவர் அமேதியோ பொப்பியோ அதை எக்ஸ்ரே எடுத்தபோது, துண்டுகளைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்திருப்பதைக் கண்டார். இறந்தவர் தாடையில் எலும்பு வளராது. அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே சிப்பிப் பல் வைத்திருந்தார் என்பதுதான் அதன் பொருள்.

இன்று தாடைக்குள் போவது டைட்டேனியம். 1952இல் ஸ்வீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்புக்குள் இரத்தம் ஓடுவதைப் பார்க்க முயல்களின் கால் எலும்பில் டைட்டேனியக் கூடுகளைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அவற்றோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965இல், பிறவியிலேயே தாடை சீர்கெட்டிருந்த கோஸ்டா லார்சனின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டேனியத் திருகாணிகளைப் பொருத்தினார். 2006இல் லார்சன் இறக்கும்வரை அவை உழைத்தன.

காற்றுப் பட்ட நொடியிலேயே டைட்டேனியத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது அது. உடலின் உப்புநீர் அதை அரிப்பதில்லை. எலும்புச் செல்கள் அந்தப் படலத்தின் மேல் வந்து குடியேறி, அங்கேயே சுண்ணாம்புச் சத்தைப் படியவைக்கத் தொடங்கும். இந்த உலோகத்தின் மூலப்பொருளான இல்மனைட் மணல் நம் நாட்டில் புல்மோட்டைக் கரையில் கறுப்பாகக் குவிந்து கிடக்கிறது.

எலும்போடு ஒட்டும் டைட்டேனியத்தால் பல் முழுவதும் போன தாடைக்கு என்ன பயன்? பல் இருக்கும்வரை ஒவ்வொரு கடியும் எலும்புக்கு வேலை கொடுக்கிறது. பல் போனதும் வேலை போகிறது, எலும்பும் கரையத் தொடங்குகிறது. அதுவும் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகக் கரையும். அதனால்தான் கட்டுப்பல் சில ஆண்டுகளில் தளர்ந்து ஆடுகிறது. நன்றாகப் பொருந்திய முழுக் கட்டுப்பல்லிலும் கடிக்கும் வலு சொந்தப் பல்லின் நான்கில் ஒரு பங்குதான். கருவாட்டை மெல்வதை விட்டு, குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடும் முதியவர்களை இந்தக் கரையில் எந்த வீட்டிலும் பார்க்கலாம்.

கட்டுப்பல்லைப் போல ஆடாமல், எலும்போடு ஒட்டிய திருகாணிகளின் மேல் பல்வரிசையைப் பூட்டலாம். அதற்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகாணி தேவையில்லை. 1990களின் இறுதியில் லிஸ்பனில் பவுலோ மாலோ நான்கு திருகாணிகளிலேயே ஒரு தாடையின் முழுப் பல்வரிசையையும் நிறுத்திக் காட்டினார். முன்னால் இரண்டு நேராக, பின்னால் இரண்டு சாய்வாக. சாய்வில்தான் சூட்சுமம் இருக்கிறது. கீழ்த்தாடையில் உதட்டுக்குப் போகும் நரம்பையும் மேல்தாடையில் மூக்கையொட்டிய காற்றறையையும் தொடாமல், எஞ்சிய நல்ல எலும்பில் நீளமான திருகாணியை இறக்க அது வழிவிடுகிறது.

துளை போடும்போது வைத்தியர் அஞ்சுவது சூட்டுக்கு. எலும்பு 47 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே செல்கள் சாகத் தொடங்கும். ஆகவே துளைகருவியை மெதுவாகச் சுழற்றி, குளிர்ந்த உப்புநீரை விடாமல் பாய்ச்சுகிறார்கள். திருகாணி போதிய இறுக்கத்தில் உட்கார்ந்தால் அன்றே தற்காலிகப் பல்வரிசையைப் பூட்டலாம். அடுத்த சில மாதங்கள்தான் சோதனை. திருகாணி 150 மைக்ரோமீட்டருக்கு மேல் அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும், வைத்த பல் நிலைக்காது. ஆகவே அதுவரை குழைந்த சோறு, அவித்த மீன் போன்ற மெல்லத் தேவையில்லாத உணவுதான். நிரந்தரப் பல்வரிசை அதன் பிறகே வரும்.

செலவு பெரியது, சாதாரண மீனவக் குடும்பத்துக்கு எட்டாதது. இம்பிளான்ட் எனப்படும் இந்தத் திருகாணிப் பல் சொத்தையாகாது. ஆனால் அதைச் சுற்றிய முரசு அழுகலாம், எலும்பு கரையலாம். புகைப்பதும் கட்டுக்குள் இல்லாத நீரிழிவும் அந்த ஆபத்தைக் கூட்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு தடையும் உண்டு: வெற்றிலை. பல் விழுந்த பிறகும் சிற்றுரலில் இடித்துப் போட்டுக்கொள்பவர்கள் பலர். பாக்கு நாட்பட்டால் கன்னத்தின் உட்சதையை நாராக இறுக்கும், வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். பின்தாடையில் துளைகருவியை நுழைக்கவே இடம் இல்லாமல் போகலாம். அந்த இறுக்கம் வாய்ப் புற்றுநோய்க்கு முந்திய நிலையும் ஆகும். இலங்கை ஆண்களை அதிகம் தாக்கும் புற்று வாய்ப் புற்றுதான்.

உங்கள் வீட்டில் வெற்றிலை போடும் பெரியவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையில் நுழைக்க முடியாவிட்டால், அல்லது கன்னத்தினுள் வெளுத்த திட்டு தென்பட்டால், இம்பிளான்ட் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். பரிசோதனைக்குக் காசு கேட்கமாட்டார்கள்.