பழைய கேம் கன்சோல்: ஆசைக்கு வாங்கலாம், முதலீடா வாங்கலாமா?



சின்ன வயசுல ஆடின கன்சோல் மேல எல்லாருக்கும் ஒரு தனி பாசம் இருக்கும். அப்போ வாங்கக் காசு இல்லை, இப்போ சம்பளம் வருது. அந்த ஆசையை வெச்சே ஒரு பெரிய சந்தை நடக்குது. "இப்பவே வாங்கிப் போடுங்க, விலை ஏறும்"னு சொல்றவங்களும் இருக்காங்க. இது உண்மையா? அமெரிக்காவில் நடந்த ரெண்டு உதாரணத்தைப் பார்ப்போம்.

1) நின்டெண்டோ

1980-களில் வந்த என்.இ.எஸ் கன்சோலை, சின்ன சைஸில் 30 கேம்களோடு 2016 நவம்பரில் மறுபடி வெளியிட்டாங்க. பெயர் என்.இ.எஸ் கிளாசிக், விலை 60 டாலர். கடைகளில் உடனே தீர்ந்துபோச்சு. 2017 ஏப்ரலில் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிப்பு வந்தது. ஆன்லைன் மறுவிற்பனையில் 200 டாலருக்கு மேலேயும் கேட்டாங்க. ஆனா 2018 ஜூனில் அதே கன்சோல், அதே 60 டாலருக்குத் திரும்பக் கடைக்கு வந்துடுச்சு!

2) சோனி

2018 டிசம்பரில் 20 கேம்களோடு பிளேஸ்டேஷன் கிளாசிக் வந்தது. விலை 100 டாலர். கேம் தேர்வு பல ரசிகர்களுக்குப் பிடிக்கலை. அந்த மாசம் முடியறதுக்குள்ளேயே கடைகளில் 60 டாலருக்கு இறங்கிடுச்சு, அதுக்கு அப்புறம் 40 டாலருக்கும் வந்துடுச்சு.

ரெண்டு கன்சோல் மேலயும் மக்களுக்குப் பாசம் உண்டு. ஆனா விலையை முடிவு பண்ணினது, சரக்கு எவ்வளவு கிடைக்குதுங்கறதும் எத்தனை பேருக்கு அது வேணும்ங்கறதும்தான். சரக்கு எவ்வளவு வரும்னு முடிவு பண்றது கம்பெனி. நம்ம கையில எதுவும் இல்லை. பங்கு டிவிடெண்ட் தரலாம், வீடு வாடகை தரும். அலமாரியில் இருக்கிற கன்சோல், நம்மைவிட அதிக விலை கொடுக்க ஒருத்தர் வந்தால்தான் லாபம்.

"2021-ல் சூப்பர் மரியோ 64 கேம் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சே?"னு கேட்பீங்க. அது சீல் பிரிக்காத, தரச்சான்று வாங்கின பிரதி. ஆடித் தேய்ஞ்ச காட்ரிட்ஜுக்கு அந்த விலை கிடைக்காது.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம்:

• பொழுதுபோக்குக்கு ஒதுக்கின பணத்தில் மட்டும் வாங்குங்க. இஎம்ஐ வேண்டாம்.
• வெளிநாட்டிலிருந்து வரவழைச்சா ஷிப்பிங், சுங்க வரியையும் கணக்கில் சேருங்க. பழைய காட்ரிட்ஜ் சிலதில் சேவ் பண்றதுக்குன்னு உள்ளே ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தா மாத்துற செலவும் உண்டு.
• "கடைசி பீஸ்"னு சொன்னா ஒரு மாசம் பொறுத்துப் பாருங்க.

ஆசைப்பட்டு வாங்கி, குழந்தைகளோடு உட்கார்ந்து ஆடினா போட்ட காசு வசூல். விலை ஏறும்னு பெட்டியைப் பிரிக்காம வெச்சா, ஆட்டமும் இல்லை, வட்டியும் இல்லை.

உங்களுக்குப் பிடிச்ச கன்சோல் எது, இன்னைக்கு அதுக்கு எவ்வளவு கொடுப்பீங்க? கமெண்ட்ல சொல்லுங்க.