பப்பாஞ்சிக்கு லேசர் முகம்

ஹாலோவீன் நாளான அக்டோபர் 31-ல் பேய் முகமூடி எங்கே கிடைக்கும் என்று கொச்சியின் மட்டாஞ்சேரியில் கேட்டால், இன்னும் 2 மாதம் பொறுங்கள் என்பார்கள். அவர்களுக்குப் பொம்மைக் காலம் டிசம்பர் 31. ஃபோர்ட் கொச்சியில் கோட்டு, தொப்பி, வெள்ளைத் தாடியோடு நிற்கும் கிழவர் பப்பாஞ்சி, நள்ளிரவில் எரிந்து பழைய வருடத்தை வழியனுப்புவார். பெயர் போர்ச்சுகீசிய வழி வந்தது என்பது ஊர்ப் பேச்சு. இந்த எரிப்பு இடம்பெறும் கொச்சின் கார்னிவல் இப்போதைய வடிவில் 1984-ல் தொடங்கியது.

இந்தக் கிழவருக்கு முகம் ரொம்ப முக்கியம். 2022-ல் அது பிரதமரின் ஜாடையில் இருக்கிறது என்று பா.ஜ.க.வினர் கொதிக்க, முகத்தை மாற்ற வேண்டியதாயிற்று. 2024-ல் ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ மைதானத்தில் இன்னொரு பப்பாஞ்சி எழுந்து, அதை எரிக்கலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அனுமதி கிடைத்தது.

ஆளுயரப் பப்பாஞ்சிக்கு லேசர் கட்டர் நல்ல துணை. களமசேரியில் கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் ஃபேப் லேப் என்ற பட்டறை இருக்கிறது. ஃபேப் லேப்களில் வழக்கமாகக் காணும் இயந்திரம் லேசர் கட்டர். கணினியில் வரைந்த கோட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஓடும். ப்ளைவுட்டில் மெல்லிய புகை, கருகிய மர வாசனை, பழுப்பு விளிம்பு. மேலே காகித டேப் ஒட்டிவிட்டால் கறை படியாது.

புதிதாக வருபவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில். 3 மி.மீ. பலகைக்கு 3 மி.மீ. பள்ளம் வரைவார்கள். கதிர் இரு பக்கமும் கொஞ்சம் தின்றுவிடும்; மூக்கும் தாடையும் பொருந்தாமல் ஆடும். கடையில் 3 என்று தரும் பலகையும் எப்போதும் சரியாக 3 இருப்பதில்லை. முதலில் ஒரு துண்டை வெட்டிப் பார்ப்பதே வழி.

அதற்காகக் கிழவரை முழுக்க லேசரில் வெட்டுவது வீண் வேலை. வைக்கோலும் சாக்கும் அடைத்த தொப்பைக்கு எந்தக் கோப்பும் ஈடாகாது. கருவி முகத்துக்கும் எலும்புச் சட்டத்துக்கும் போதும். அக்ரிலிக் அழகாக வெட்டுப்படும். ஆனால் தீயில் உருகிச் சொட்டும். எரியப்போகிற பொம்மையில் அதற்கு இடமில்லை. கார்னிவலின் ஜனவரி 1 ஊர்வல முகமூடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பி.வி.சி.யை மட்டும் இரண்டுக்கும் தொடாதீர்கள். லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நெஞ்சையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். மிச்சமான ஃப்ளெக்ஸ் பேனரும் அந்த வகைதான். ஷீட் வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.