அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்க்குட்டி

சிங்கப்பூரில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வசிக்கின்றனர். அத்தகைய வீட்டில் ஒரு குடும்பம் ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம். அதுவும் கழகம் அனுமதித்துள்ள சிறிய இனங்களுள் ஒன்றாக இருக்க வேண்டும். ஷி சூ, மால்ட்டீஸ், சிவாவா, பொம்மரேனியன், டாய் பூடில் போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. விதியை மீறுவோருக்கு 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். நாய்க்கு நுண்சில்லு பொருத்தி, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் உரிமமும் பெற வேண்டும்.

உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கும் இடமுண்டு. ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று மக்கள் செல்லமாக அழைக்கும் அந்நாய்களைத் தத்தெடுக்க உதவும் ‘அடோர்’ திட்டம் 2012இல் தொடங்கியது. 2020 முதல், தோள்வரை 55 சென்டிமீட்டர் உயரமுள்ள நாய்களையும் அத்திட்டத்தின்கீழ் வளர்க்க முடிகிறது. ஆனால், தமிழ்நாட்டின் புகழ்பெற்ற ராஜபாளையம் நாயை இங்கே வீவக வீட்டில் வளர்க்க நினைப்பவர் அதன் படத்தைப் பார்த்துத்தான் மகிழ வேண்டும். 2005இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்த அந்த நாய், வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. அது ஓடுவதற்கு நம் வரவேற்பறை போதாது.

சிறிய நாய்தானே, அதற்கு எதற்குப் பயிற்சி என்று பலர் எண்ணுகின்றனர். பெரிய நாய் விருந்தினர்மீது தாவினால் பதறுகிறோம். சிவாவா தாவினால் சிரிக்கிறோம். நாம் சிரித்ததையே அது பாராட்டாக எடுத்துக்கொள்கிறது. ஆறு மாதம் கழித்து அதே பழக்கத்திற்காக அதட்டினால், தான் செய்த தவறு என்னவென்று அதற்குப் புரிவதில்லை.

நாய்க்குட்டி உலகத்தை அச்சமின்றிப் பழகிக்கொள்ளும் காலம் மிகக் குறுகியது. ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம்வரை அது சந்திக்கும் மனிதர்கள், ஒலிகள், மணங்கள் யாவும் அதற்கு இயல்பானவையாகிவிடும். ஆனால், தடுப்பூசிகள் முழுமையடையப் பதினாறு வாரங்கள்கூட ஆகலாம். அதற்கு முன் பிற நாய்கள் நடமாடும் தரையில் அதை இறக்கிவிட்டால் நோய் தொற்றக்கூடும். என்ன செய்வது? கையில் ஏந்திச் செல்லலாம். மின்தூக்கியின் மணியோசை, மேம்பாலத்தில் விரையும் பெருவிரைவு ரயில், சக்கர நாற்காலியில் வரும் முதியவர் என ஒவ்வொன்றையும் அது உங்கள் கையிலிருந்தே அறிந்துகொள்ளட்டும். ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலைக் கூட்டத்தின் நடுவே நுழைய வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி, அமைதியான சந்து முனையில் ஐந்து நிமிடம் நின்றாலே போதும்.

முதல் சில வாரங்களில் வீட்டாரின் பொறுமையை மிகவும் சோதிப்பது கழிவுப் பயிற்சிதான். தோட்டமுள்ள வீட்டில் கதவைத் திறந்துவிட்டால் போதும். பன்னிரண்டாம் மாடியில் அது இயலாது. மின்தூக்கி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். எனவே, குளியலறையிலோ துணி உலர்த்தும் இடத்திலோ உறிஞ்சும் விரிப்பு ஒன்றைப் போட்டு, அந்த இடத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். குட்டி தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் அதனை அங்கே கொண்டு செல்லுங்கள். மூன்று மாதக் குட்டியால் சுமார் நான்கு மணி நேரத்திற்குமேல் அடக்கிக்கொள்ள இயலாது. சரியான இடத்தில் கழித்தால், முடித்த மறுநொடியே பாராட்டி ஒரு சிறு தின்பண்டம் தர வேண்டும். சமையலறைக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தால், சமையலறைக்கு ஓடிவந்ததற்கான பரிசு என்றே அது எண்ணிக்கொள்ளும்.

செரிமானம் குறித்த ஆய்வுக்காக 1904இல் நோபெல் பரிசு பெற்ற ரஷ்ய அறிவியலாளர் இவான் பாவ்லோவ், உணவுக்கு முன் தவறாமல் கேட்கும் ஓசைக்கே நாய்களின் வாயில் உமிழ்நீர் ஊறுவதைக் கண்டார். ஒன்றையடுத்து உடனே மற்றொன்று நிகழும்போது நாய் இரண்டையும் இணைத்துக்கொள்கிறது. தரையில் கழித்த குட்டியின் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது பயன்தராததும் இதனால்தான். நாம் பார்ப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. அது கற்றுக்கொள்வது ஒன்றே: இவர்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும்!

கட்டளைச் சொற்களிலும் கவனம் தேவை. தாத்தா “உட்காரு” என்கிறார். அண்ணன் “சிட்” என்கிறான். பாட்டி “உக்காருடா கண்ணா” என்று கொஞ்சுகிறார். பணிப்பெண் தம் மொழியில் வேறொன்று சொல்கிறார். இருமொழிக் கொள்கை நமக்குச் சரி, நாய்க்குட்டிக்குக் குழப்பம். அது பிடிவாதம் பிடிப்பதாகக் குற்றஞ்சாட்டுவதற்குமுன், குடும்பத்தினர் கூடி ஒரு செயலுக்கு ஒரு சொல் என முடிவுசெய்துகொள்ள வேண்டும். அது தமிழ்ச் சொல்லாக இருந்தால் நாய் அதையும் கற்றுக்கொள்ளும்.

அடுக்குமாடி வாழ்க்கையில் குரைப்புதான் பெரிய சிக்கல். பொது நடைபாதையில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் குரைக்கும் நாயால் அண்டைவீட்டாரின் தூக்கம் கெடுகிறது. புகார் வருகிறது, குடும்பத்தில் மனக்கசப்பு எழுகிறது, இறுதியில் நாய் வேறு வீடு தேட நேர்கிறது. பெரும்பாலும் இதன் வேர் தனிமை. பள்ளி விடுமுறையில் குட்டியை வாங்கி, நான்கு வாரம் மடியிலேயே வைத்துக் கொஞ்சுகிறோம். பள்ளி திறந்ததும் காலை ஏழு மணிக்கு வீடு திடீரென்று வெறிச்சோடிவிடுகிறது. குட்டி அலறாமல் என்ன செய்யும்? முதல் வாரத்திலிருந்தே ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம், அரை மணி நேரம் எனத் தனியே இருக்கப் பழக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் ஆரவாரம் வேண்டாம். நண்பகலில் வீட்டில் யார் இருப்பார் என்ற கேள்விக்கு விடை இல்லையென்றால், குட்டியை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இனி, தூய்மை. ஷி சூ, மால்ட்டீஸ் போன்றவற்றின் முடி நம் தலைமுடியைப்போல நீண்டு வளரும். நாள்தோறும் சீவாவிட்டால் காதுகளின் பின்புறமும் கால்களின் இடுக்கிலும் சிக்கு விழும். சிக்கு இறுகும்போது தோல் இழுபட்டுக் குட்டிக்கு வலிக்கும். மேலோட்டமாகச் சீவுவதில் பயனில்லை. சீப்பு தோல்வரை செல்ல வேண்டும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். நனைந்தால் சிக்கு மேலும் இறுகும். நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் ஏறத்தாழ நடுநிலையானது. ஆகவே, நாம் பயன்படுத்தும் ஷாம்பு அதற்கு ஒவ்வாது. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் அரைகுறையாக உலர்ந்த முடி தோல் நோய்க்கு வழிவகுக்கும் என்பதால் நன்றாக உலர்த்துவது முக்கியம். நகத்துக்குள் இரத்தக்குழாய் ஓடுவதால் நுனியை மட்டும் சிறிது சிறிதாக வெட்ட வேண்டும். பொம்மரேனியனுக்கு வெயிலில் புழுங்குமே என்று இரக்கப்பட்டு மொட்டையடிக்கக் கூடாது. அதன் இரட்டை அடுக்கு முடி மீண்டும் சரியாக வளராமலே போகலாம்.

நாய்கள் நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கின்றன. தட்டை மூக்குள்ள ஷி சூவுக்கு அதுவும் கடினம். எனவே, அதிகாலையிலோ மாலை வெயில் தணிந்த பின்னரோ நடக்க அழைத்துச் செல்லுங்கள். புறப்படுமுன் புறங்கையை நடைபாதையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

தீபாவளி நாளில் கூடுதல் கவனம் தேவை. லிட்டில் இந்தியாவிலிருந்து வாங்கிவந்த லட்டிலும் பாயசத்திலும் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். வடையிலுள்ள வெங்காயம் அதன் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சாக்லேட்டும் நஞ்சுதான். உடல் சிறியதாக இருப்பதால், சிறிதளவு தின்றாலும் ஆபத்து அதிகம். “பாவம், பார்த்துக்கொண்டே இருக்கிறதே” என்று ஒரு துண்டு கொடுக்க வரும் மாமாவிடமும் அத்தையிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்படியும் தின்றுவிட்டால், வாந்தி எடுக்கிறதா என்று காத்திருக்காமல் உடனே விலங்கு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்று கூற வேண்டும்.