முதலில் ஹார்மோனா, அறுவை சிகிச்சையா?

திருநங்கையரின் மருத்துவத் தேவை என்றதும் நம் பேச்சு நேராக அறுவை சிகிச்சையில் போய் நிற்கிறது. 2008 ஏப்ரலில் அவர்களுக்கென நல வாரியம் அமைத்த தமிழ்நாடு, பால் மாற்று அறுவை சிகிச்சையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் செய்யத் தொடங்கியது. அதற்கு முன்பு மருத்துவர் அல்லாதவர் கையால் நடந்த ‘நிர்வாணம்’ எனும் ஆணுறுப்பு நீக்கத்தில் ரத்தப்போக்கிலும் சீழிலும் உயிரை விட்டவர்களை நினைத்தால் அந்த முடிவின் அருமை புரியும். ஆனால் அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும். ஹார்மோன் சிகிச்சையோ ஆண்டுக்கணக்கில், பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கத் தொடர்வது. இந்த இரண்டில் எது முதலில், எது எப்போது என்பதை அந்த உடலும் அதற்கு உரியவரும்தான் தீர்மானிக்க வேண்டும். நடைமுறையில் அதைத் தீர்மானிப்பவை சான்றிதழ், மருத்துவமனை இருக்கும் தூரம், கையிலிருக்கும் பணம்.

உடல் தன் கணக்கில்தான் மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் எடுக்கத் தொடங்கிய திருநங்கைக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் மார்பு வளரத் தொடங்கும். அது முழு அளவை எட்ட இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிக்குச் சில மாதங்களில் மாதவிடாய் நிற்கும், குரல் கனக்கும். தாடி நிறைய நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். ஹார்மோன் எவ்வளவு தரும் என்று தெரிவதற்குள் மார்பில் சிலிகான் வைப்பது அவசரம். பிறப்புறுப்பு அறுவைக்கும் முன்னேற்பாடு உண்டு: உள்ளே மடித்துத் தைக்கப்படும் தோலில் முடி இருந்தால் பின்னாளில் தொல்லை என்பதால், பல மாதங்கள் லேசர் அல்லது மின்முறையில் அதை நீக்க வேண்டியிருக்கிறது. உலக அளவில் வழிகாட்டு நெறிகளை வெளியிடும் டபிள்யூபாத் அமைப்பு, இனப்பெருக்கச் சுரப்பிகளை அகற்றுவதற்கு முன் ஓராண்டு ஹார்மோன் என்று முன்பு சொன்னது. 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பில் அதை ஆறு மாதமாகக் குறைத்தது. திருநம்பியின் மார்பு அறுவைக்கோ ஹார்மோன் முன்நிபந்தனையே இல்லை. எல்லோருக்கும் ஒரே வரிசை என்று மருத்துவம் சொல்லவில்லை. ஒவ்வொரு அறுவைக்கும் தனித்தனிக் காரணம் சொல்கிறது.

நம் ஊரில் வரிசை தலைகீழாகிப்போன வரலாறு உண்டு. நிர்வாணம் முதலில், ஹார்மோன் பிறகு, அல்லது ஹார்மோன் இல்லவே இல்லை. விரையை அகற்றிய பின் உடலில் ஆண் ஹார்மோனும் குறைந்து, பெண் ஹார்மோனும் வெளியிலிருந்து வராவிட்டால் எலும்பு தேயத் தொடங்கும். இருபத்தைந்து வயதில் அறுவை செய்துகொண்டவர் இதன் விலையை ஐம்பது வயதில், இடுப்பிலும் முதுகெலும்பிலும் கொடுக்கிறார். மருத்துவரை எட்ட முடியாதவர்கள் மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி, வேகமாகப் பலன் வேண்டி அளவைக் கூட்டி விழுங்குகிறார்கள். அதிலுள்ள எதினைல் ஈஸ்ட்ரடையால், ரத்தம் கட்டும் ஆபத்து அதிகமுள்ள வகை. முறையான சிகிச்சையில் இன்று தரப்படும் ஈஸ்ட்ரடையால் அதைவிடப் பாதுகாப்பானது. ரத்தம் உறையும் என்ற பயத்தில் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே ஹார்மோனை நிறுத்தச் சொல்வது நெடுநாள் வழக்கம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்தாதவர்களுக்கு அந்த ஆபத்து கூடவில்லை.

சான்றிதழுக்கு வருவோம். பாலினத்தை அங்கீகரிக்க அறுவை சிகிச்சையை வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் (நால்சா) வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ, ஆண் அல்லது பெண் என்று திருத்திய சான்றிதழ் பெற அறுவை நடந்ததற்கான மருத்துவச் சான்றைக் கேட்டது. இப்படிக் கேட்கும்போது, வேலைக்காகவும் பாஸ்போர்ட்டுக்காகவும் மேசைமீது படுப்பவர் பிறக்கிறார். அவருடைய சம்மதத்தை முழுச் சம்மதம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அதே 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பையடுத்து, இடைப்பால் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாத நிலையில் பாலின அறுவை செய்வதைத் தமிழக அரசு தடை செய்தது. தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயது வரட்டும், அதுவரை கத்தி காத்திருக்கட்டும் என்பதே அதன் பொருள். குழந்தைக்கு நாம் ஒப்புக்கொண்ட இந்த நியாயம் வளர்ந்தவருக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

‘பிறகு வருந்துவார்கள், ஆகவே தாமதம்தான் நல்லது’ என்பது பலரும் எழுப்பும் மறுப்பு. 27 ஆய்வுகளில் 7,928 பேரைத் தொகுத்த 2021ஆம் ஆண்டு மதிப்பாய்வில் அறுவைக்குப் பின் வருந்தியவர்கள் ஏறத்தாழ ஒரு சதவீதம். அந்த ஆய்வுகள் சிலவற்றில் நோயாளிகளை நெடுநாள் தொடர்ந்து கவனிக்கவில்லை என்ற குறை நியாயமானது. எண்ணைச் சற்றுக் கூட்டியே வைத்துக்கொண்டாலும், மற்ற எல்லோரையும் காரணமில்லாமல் காக்கவைக்க அது போதாது. காத்திருப்பதற்கும் விலை உண்டு. கருத்தடை மாத்திரை அந்த விலைகளில் ஒன்று. எதிர்ப்பக்கத்திலிருந்து, ‘ஹார்மோனே வேண்டாம், அறுவை மட்டும் போதும் என்பவரை ஏன் ஆறு மாதம் நிறுத்தி வைக்க வேண்டும்?’ என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஹார்மோனை விரும்பாதவருக்கும் அது ஒத்துக்கொள்ளாதவருக்கும் அந்த நிபந்தனையை அதே வழிகாட்டு நெறி தளர்த்துகிறது. ஆனால் ஹார்மோன் தொடங்கும் முன்பே எலும்பைப் பற்றியும், பிள்ளைப்பேற்றைப் பற்றியும், விந்தணுவையோ கருமுட்டையையோ உறைய வைப்பதைப் பற்றியும் பேசிவிட வேண்டும். அறுவை மேசையில் அதைப் பேச முடியாது.

இதையெல்லாம் எங்கே பேசுவது என்பதுதான் சென்னைப் புறநகரின் சிக்கல். பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை மையமாக வைத்தே இந்தச் சேவை வளர்ந்திருக்கிறது. தாம்பரத்திலோ ஊரப்பாக்கத்திலோ வசிப்பவர் அறுவைக்காக ஒருமுறை சென்னைக்குள் போய்விடுவார். ரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் மாதந்தோறும் மின்சார ரயிலேறி, ஒரு நாள் கூலியை இழந்து, நீண்ட வரிசையில் நிற்கச் சொன்னால் நான்காம் மாதம் விட்டுவிடுவார். அறுவையை இலவசமாகக் கொடுத்துவிட்டு ஹார்மோனைத் தூரத்தில் வைத்தால் வரிசையை நாமே குலைத்தவர்களாகிறோம். ‘ஆயுள் முழுக்க மாத்திரை கொடுக்க அரசால் ஆகுமா?’ என்று கேட்பவர்கள் தாம்பரம் சானடோரியத்தைப் பார்க்கலாம். 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து நாட்டில் முதலில் தொடங்கப்பட்ட சில அரசு மையங்களில் அங்குள்ள நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. அது நோய், இது நோயல்ல. ஆனால் தவறாத மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, பெயர் வெளியே போகாத பதிவேடு என்று வேலைமுறை ஒன்றுதான். பின்னாளில் நாடெங்கும் இணைப்பு மையங்கள் வந்து, நிலையாக இருப்பவர்கள் வீட்டருகிலேயே மருந்து வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. குரோம்பேட்டை அரசு மருத்துவமனையிலும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியிலும் வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கலாம். முதல் பரிசோதனையையும் மருந்தின் அளவையும் பெரிய மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பி நிபுணர் முடிவு செய்யட்டும். தொடர் மருந்தும் ரத்தப் பரிசோதனையும் இங்கே நடக்கட்டும்.